பலகை பாரமில்லை, பற்றரி ஏன் இறங்குகிறது?

கேள்வி: எங்கள் மச்சான் அண்மையில் மின்சார டபள் கெப் ஒன்று எடுத்தார். முழுச் சார்ஜில் 260 கிலோமீற்றருக்கு மேல் ஓடும் என்று கம்பனித் தாளில் போட்டிருக்கிறது. அலைக்காலம் தொடங்கியதும் நாலு பேராக, நாலு சறுக்குப் பலகைகளைக் கூரையில் கட்டிக்கொண்டு அறுகம்பேக்குப் போய்வருகிறோம். போக வர 110 கிலோமீற்றர் அளவுதான். தாளிலுள்ள கணக்குப்படி 58 சதவீதமாவது மிஞ்ச வேண்டும். வீட்டுக்கு வந்து பார்த்தால் 40தான் காட்டுகிறது. உப்புக்காற்று பற்றரியைத் தின்கிறது என்கிறார் வாப்பா. பலகைப் பாரம் இழுக்கிறது என்கிறார் மச்சான். நாலு பலகையும் சேர்ந்து இருபது கிலோவைத் தாண்டாதே! இதில் யார் சொல்வது சரி?

- வாசகர் ஒருவர், பாலமுனை

பதில்: குடும்பத்துக்குள் நடுவராக இருப்பது ஆபத்தான வேலை. ஆனாலும் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன்: வாப்பா சொல்வதும் சரியில்லை, மச்சான் சொல்வதும் சரியில்லை. இருவரும் உண்மைக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள் என்று வேண்டுமானால் ஆறுதல் சொல்லலாம். காற்று என்ற சொல்லை வாப்பா பிடித்துவிட்டார், பலகையை மச்சான் பிடித்துவிட்டார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விடை கிடைக்கும்.

பெரியவருக்கு மரியாதை தந்து உப்பிலிருந்து தொடங்குவோம். மின்வண்டியின் பெரிய பற்றரி, வண்டியின் அடிப்பகுதியில் மூடி முத்திரையிட்ட உலோகப் பெட்டிக்குள் இருக்கிறது. பெரும்பாலான வண்டிகளில் இந்தப் பெட்டி ஐ.பி. 67 என்ற தரத்தில் அமைகிறது. தூசி புகாது, ஒரு மீற்றர் ஆழ நன்னீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் நீர் புகாது என்பது இதன் பொருள். அப்படியான பெட்டிக்குள் கடற்காற்று நுழைந்து, ஒரு காலைப் பொழுதில் சார்ஜை உறிஞ்சிக்கொண்டு போக வழியே இல்லை. உப்பு செய்யும் கெடுதி வேறு. அது ஆணிகளையும் பிரேக் தட்டுகளையும் அடிச்சட்டத்தையும் மெல்ல மெல்லத் துருப்பிடிக்க வைக்கும். அதற்கு ஆண்டுகள் ஆகும், டீசல் கெப்புக்கும் அதே கதிதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் வாப்பாவின் அச்சத்துக்கு முழு நியாயம் உண்டு. வண்டி கடல் நீரில் மூழ்கினால் அது விளையாட்டல்ல. 2022 செப்டெம்பரில் அமெரிக்காவின் புளோரிடாவை இயன் சூறாவளி தாக்கியபோது, கடல் நீரில் மூழ்கிய மின்வண்டிகளில் சில பிறகு தீப்பிடித்தன. உப்பு நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அது பெட்டிக்குள் புகுந்தால் கலங்களுக்கிடையே குறுக்குச்சுற்று ஏற்படும், அதாவது மின்சாரம் போகக்கூடாத குறுக்கு வழியில் பாயும். நீர் வற்றிய பிறகும் உள்ளே படிந்த உப்பு அந்த வழியைத் திறந்தே வைத்திருக்கும். ஆகவே அலை வந்து தொடும் ஈர மணலில் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கும் ஆசை வேண்டாம். கடற்காற்றுக்குப் பயப்படத் தேவையில்லை, கடல் நீருக்குப் பயப்படுங்கள்.

அடுத்தது மச்சானின் பாரம். பாரம் ஏற்றினால் மின்வண்டியின் ஓடுதூரம் குறையும் என்பது உண்மைதான். எவ்வளவு பாரத்துக்கு எவ்வளவு குறையும் என்பதைப் பார்க்க வேண்டும். ஏ.ஏ.ஏ. எனப்படும் அமெரிக்க வாகனச் சங்கம் 2023 இல் இதைச் சோதித்துப் பார்த்தது. ஃபோர்ட் எஃப்-150 லைட்னிங் என்ற மின்சார பிக்கப்பில் 1,400 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 635 கிலோ மணல் மூடைகளை ஏற்றி ஓட்டினார்கள். 278 மைல் ஓடிய வண்டி 210 மைலோடு நின்றது. குறைந்தது 24.5 சதவீதம். 635 கிலோவுக்குக் கால்வாசி என்றால், உங்கள் இருபது கிலோவுக்கு ஒரு சதவீதம்கூட வராது. பாரத்தைத்தான் குற்றம் சொல்வதென்றால், வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் நாலு பேரும் சேர்ந்து 280 கிலோ இருப்பீர்கள். அதை யாரும் கடிதத்தில் எழுதுவதில்லை.

பாரத்துக்கு இன்னொரு சலுகையும் உண்டு. வண்டி வேகமெடுக்கும்போது பாரத்துக்காகச் செலவழித்த சக்தியில் ஒரு பங்கு திரும்பி வரும். மின்வண்டியில் காலைத் தளர்த்தினாலோ பிரேக்கை அழுத்தினாலோ, மோட்டரே ஜெனரேற்றராக மாறி பற்றரிக்குள் மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும். இதை மீளாக்க பிரேக் என்பார்கள். உங்கள் வழி முழுக்கக் கரையோரச் சமதரை என்பதால், பாரத்தைத் தூக்கிக்கொண்டு மலையேற வேண்டிய செலவும் இல்லை.

பாரத்துக்குக் கொடுத்ததில் ஒரு பங்கு திரும்பும். காற்றுக்குக் கொடுத்தது திரும்பவே திரும்பாது. உங்கள் கேள்விக்கான பதில் இங்கேதான் இருக்கிறது.

ஓடும் வண்டியை இரண்டு தடைகள் பின்னால் இழுக்கின்றன. ஒன்று உருளல் தடை. டயர் நசுங்கி நிமிர்ந்து உருளும்போது வீணாகும் சக்தி அது. பாரம் கூடினால் இது கூடும். மற்றது காற்றுத்தடை. வண்டி தன் முன்னால் நிற்கும் காற்றைப் பிளந்து ஒதுக்கிக்கொண்டு போவதற்கான செலவு. பாரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. வண்டியின் உருவமும் வேகமுமே இதைத் தீர்மானிக்கின்றன. கச்சான் காற்றுக்கு எதிரே சைக்கிள் மிதித்தவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை: பின்னால் அரிசி மூட்டை இல்லாமலே தொடை வலிக்கும்.

காற்றுத்தடையின் கணக்கு கொஞ்சம் கொடுமையானது. வேகம் கூடும் அளவில் அது கூடாது, வேகத்தின் வர்க்க அளவில் கூடும். வர்க்கம் என்றால் ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்குவது. 70 இல் ஓடும் வண்டி 90 க்குப் போனால் வேகம் கூடியது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு, காற்றுத்தடை கூடியதோ 65 சதவீதம். எதிர்க்காற்று வீசினால் அதன் வேகமும் இந்தக் கணக்கில் சேரும். 70 இல் போகும் வண்டிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் எதிர்க்காற்று அடித்தால், காற்றைப் பொறுத்தவரை அந்த வண்டி 90 இல்தான் ஓடுகிறது.

இனி உங்கள் பலகைகள். கூரையில் குறுக்குக் கம்பிகள், அவற்றின் மேல் அடுக்கிய நாலு பலகைகள், நடுவே இடைவெளி, படபடக்கும் பட்டிகள். வண்டியின் முகப்பிலிருந்து வழுக்கி மேலேறி வரும் காற்று நேராக இவற்றில் மோதிச் சுழல்கிறது. 90 கிலோமீற்றர் வேகத்தில் இந்தக் கூரைச் சுமை பின்னால் இழுக்கும் விசை, உத்தேசமாக ஏழு கிலோ எடையைத் தூக்கும் விசைக்குச் சமம். அதே நாலு பலகைகளின் பாரம் டயர் வழியாக உண்டாக்கும் இழுப்பு, கால் கிலோவுக்கும் குறைவு. பலகைகள் அவைதான், பாரமும் அதுதான். காற்றில் நிற்பதால் முப்பது மடங்கு செலவு.

இது மின்வண்டிக்கு மட்டும் வந்த நோயல்ல. கலிபோர்னியாவின் லோரன்ஸ் பேர்க்லி தேசிய ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்தவர்கள் 2016 இல் கூரைக் கம்பிகளைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சுமையோடு கூடிய கூரைக் கம்பிகளால் எரிபொருள் செலவு 25 சதவீதம் வரை கூடலாம் என்றார்கள். சுமையே இல்லாமல் வெறும் கம்பிகளைச் சும்மா சுமந்து திரியும் வண்டிகளால் நாடு முழுக்க வீணாகும் பெற்றோல் கொஞ்சநஞ்சமல்ல என்பதும் அவர்கள் கண்டதுதான்.

அப்படியானால் டீசல் கெப்பில் போன காலத்தில் இது ஏன் தெரியவில்லை? நல்ல கேள்வி, நீங்கள் கேட்காவிட்டாலும் கேட்டதாகவே எடுத்துக்கொள்கிறேன். ஒரு லீற்றர் டீசலில் ஏறத்தாழ 10 கிலோவாட் மணி சக்தி இருக்கிறது. கிலோவாட் மணி என்பது மின்கட்டணப் பட்டியலில் வரும் அதே ஓர் அலகுதான். மின்சார டபள் கெப்புக்கு இசுசு டி-மெக்ஸின் மின்சார வடிவத்தை உதாரணமாக எடுப்போம். அதன் பற்றரி 66.9 அலகு, கம்பனி சொல்லும் ஓடுதூரம் 263 கிலோமீற்றர். முழுச் சார்ஜில் அந்தப் பற்றரிக்குள் இருப்பது ஏழு லீற்றர் டீசலுக்கும் குறைவான சக்தி! டீசல் கெப்பின் தாங்கியிலோ எழுபது எண்பது லீற்றர் பிடிக்கும். டீசல் எஞ்சின் அதில் பாதிக்கு மேல் வெப்பமாக ஊதித் தள்ளிவிடும், ஆனாலும் கையிருப்பு பெரிது. மூன்று லீற்றர் வீணானால் முள் அசைந்தது கண்ணுக்குத் தெரியாது. மின்வண்டி சிக்கனமானது, கையிருப்பும் சிறிது. அதனால் காற்று எடுத்துக்கொள்வது உடனே திரையில் சதவீதமாகத் தெரிகிறது. டீசல் வண்டியிலும் இழப்பு இருந்தது. அதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

கம்பனித் தாளின் எண்ணும் பொய்யல்ல. டபிள்யூ.எல்.டி.பி. எனப்படும் அந்தச் சோதனை, உருளைகளின் மேல் வண்டியை நிறுத்தி உள்ளரங்கில் நடப்பது. அரை மணி நேரம், 23 கிலோமீற்றர் தூரம், சராசரி வேகம் மணிக்கு 46 கிலோமீற்றர் அளவு. குளிரூட்டி அணைந்திருக்கும். கூரையில் பலகை இருக்காது. நீங்கள் போகும் வழியிலுள்ள கோமாரி வெளியில் அடிக்கும் காற்றும் அங்கே இருக்காது.

இப்போது உங்கள் பயணத்துக்குப் பட்டியல் போடுவோம். உங்கள் பற்றரியும் அதே 66.9 அலகு என்று வைத்தால், அதில் 60 சதவீதம் போயிருக்கிறது, அதாவது 40 அலகு. போக வர 70 ஐத் தாண்டாமல், கூரை வெறுமையாக, நாலு பேரும் குளிரூட்டியுமாக ஓடியிருந்தால் ஏறத்தாழ 26 அலகு ஆகியிருக்கும். மீதி 14 எங்கே போனது? அக்கரைப்பற்றையும் திருக்கோவிலையும் தாண்டியதும் வீதி வெறிச்சென்று கிடக்கும். அங்கே முள் 90 க்குப் போயிருக்கும் என்பதை நீங்கள் எழுதாவிட்டாலும் ஊகிக்கிறேன். அந்த வேகத்துக்கு ஆறேழு அலகு. கூரைப் பலகைக்கு மூன்று. இரண்டும் காற்றுக்குப் போனவை, மொத்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு. மிச்சத்துக்கும் காரணம் உண்டு, அவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

விஸ்கி பொயிண்ட், பொத்துவில் பொயிண்ட் போன்ற அலைத்துறைகளுக்கு இறங்கும் பாதைகளில் இளமணல் உண்டு. இளமணலில் உருளல் தடை தார்வீதியை விடப் பல மடங்கு. ஒரு கிலோமீற்றர் மணல் ஓட்டம், எட்டு ஒன்பது கிலோமீற்றர் தார்வீதிக்கான சக்தியைக் குடிக்கும். மணலுக்காக டயரில் காற்றை இறக்கிவிட்டு, திரும்பும்போது நிரப்ப மறந்து அப்படியே ஓடிவருபவர்களும் உண்டு. அது பற்றரிக்கும் கேடு, டயருக்கும் கேடு. அடுத்தது, ஒருவர் கடலில் இறங்க மற்றவர் குளிரூட்டியைப் போட்டுக்கொண்டு வண்டிக்குள் தூங்குவது. ஒன்றரை மணி நேரத் தூக்கத்துக்கு இரண்டு அலகு. வண்டியிலிருந்தே மின்சாரம் எடுத்து கேத்தலில் தேநீர் போடுவீர்கள் என்றால், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒன்றரை லீற்றர் நீர் கொதிக்க ஓர் அலகில் ஆறில் ஒரு பங்குதான் ஆகும். தேநீர் நிரபராதி.

என்ன செய்யலாம்? முதலில், பலகைகளைக் கூரையிலிருந்து இறக்கிப் பின்பெட்டியில் வையுங்கள். டபள் கெப் வைத்திருப்பவருக்கு இருக்கும் பெரிய வசதி அதுதான். கார்க்காரருக்குக் கூரையை விட்டால் வேறு வழியில்லை. டபள் கெப்பின் பின்பெட்டி ஒன்றரை மீற்றர் நீளம், குட்டைப் பலகை 1.8 மீற்றர் அளவு. பின்கதவின் மேல் தடித்த மெத்தைத் துணியைப் போட்டு, பலகைகளைச் சாய்த்து இறுகக் கட்டலாம். பயணி அறையின் பின்னால் இருக்கும் காற்று ஏற்கெனவே கலைந்து சுழன்ற காற்று. அதற்குள் பதுங்கிப் போகும் பலகைக்குத் தனியாகப் பெரிய செலவு இல்லை. வெளியே நீட்டும் முனையில் சிவப்புத் துணி கட்ட மறக்காதீர்கள். ஒன்பது அடி நீளப் பலகை என்றால் கூரைதான் கதி. அப்போது இடைவெளி இல்லாமல் தட்டையாக அடுக்கி, பட்டியின் நுனிகளை முடிந்து வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் கம்பிகளைக் கழற்றிவிடுங்கள்.

இரண்டாவது, வேகம். ஊருக்கு வெளியே சட்டம் அனுமதிப்பது 70. அதைத் தாண்டும்போதுதான் பற்றரி வேகமாக இறங்குகிறது. அது யானை வீதிக்கு வரும் வழி என்பதையும், நீங்கள் புறப்படுவது இருள் பிரியும் நேரம் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, வண்டியைத் தார்வீதியிலோ கெட்டித்தரையிலோ நிறுத்திவிட்டுப் பலகையைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து போங்கள். மீனவரின் தோணிக்கும் வலைக்கும் இடைஞ்சல் இருக்காது. திரும்பி வந்ததும் வண்டியின் அடிப்பகுதியை நன்னீரால் கழுவிவிடுங்கள். வாப்பாவுக்கும் மனம் ஆறும்.

இவற்றைச் செய்தால் பயணச் செலவு 40 அலகிலிருந்து 27, 28 க்கு இறங்கும். திரையில் 58 சதவீதம் நிற்கும், கம்பனித் தாள் சொன்ன அதே எண். இன்னொரு நன்மையும் உண்டு. சார்ஜ் ஏறும்போது ஏற்படும் இழப்போடு சேர்த்து 31 அலகு நிரப்ப வேண்டும் என்று வைப்போம். வீட்டில் 16 அம்பியர் தனி இணைப்பு இருந்தால் மணிக்கு 3.7 அலகு ஏறும். இஷாத் தொழுகைக்குப் பிறகு செருகினால் சுபஹுக்குள் நிறைந்துவிடும். பழைய 40 அலகுப் பயணத்துக்கு ஓர் இரவு போதாது. சாதாரண 13 அம்பியர் சொக்கெட்டில் 10 அம்பியர்தான் பாதுகாப்பாக இழுக்கலாம், பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். எதுவானாலும் நல்ல ஏர்த் இணைப்பும் ட்ரிப் சுவிட்ச்சும் இருக்கிறதா என்று மின்வினைஞரைக் கொண்டு பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டு இணைப்பு 30 அம்பியராக இருந்தால், வண்டி சார்ஜ் ஏறும் இரவில் நீர்ப்பம்பியையும் அறைக் குளிரூட்டியையும் சேர்த்துப் போட்டு அதைச் சோதிக்க வேண்டாம்.

தூரத்தைப் பற்றிய பயம் வேண்டியதில்லை. பாணமை தாண்டி உகந்தை வரை போய்வந்தாலும் 160 கிலோமீற்றர் சொச்சம்தான். கூரை வெறுமையாக, 70 க்குள் ஓடினால் ஒரே சார்ஜில் போய்வந்து மிச்சமும் இருக்கும்.

நீங்கள் ஏன் விரைகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். மே முதல் ஒக்டோபர் வரை, தெற்கே வெகு தொலைவில் இந்து சமுத்திரத்தின் குளிர்காலப் புயல்கள் கிளப்பிவிடும் அலைகள் அறுகம்பே முனையில் வந்து வளைந்து உடைகின்றன. 2019 செப்டெம்பரில் உலக அலைச்சறுக்கு லீக்கின் தகுதிப் போட்டியையே அங்கே கொண்டுவந்த அலைகள் அவை. தரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும் அதிகாலையில்தான் அலை கண்ணாடி போல நிற்கும், வெயில் ஏறக் கடற்காற்று எழுந்து அதைக் கலைத்துவிடும். அந்த நேரத்துக்குள் இறங்க வேண்டும் என்ற தவிப்பு நியாயமானது. ஆனால் திறந்த வீதியில் 90 இல் ஓடி நீங்கள் மிச்சம் பிடிப்பது ஏழெட்டு நிமிடம். பலகைகளை முந்திய இரவே பின்பெட்டியில் ஏற்றிக் கட்டிவைத்தால் அந்த ஏழெட்டு நிமிடம் வீட்டு வாசலிலேயே கிடைத்துவிடும், ஓர் அலகுகூடச் செலவில்லாமல்.